சுழலும் தண்டும் சுற்றும் துணியும்

மேட்டூர் அணையின் மதகுகள் வழக்கமான ஜூன் 12ஆம் நாளில் திறக்கப்பட்டு, கல்லணையைத் தாண்டிக் காவிரியிலும் வெண்ணாற்றிலும் நீர் புரண்டு வாய்க்கால்தோறும் ஏறிவிடுமாயின், தஞ்சைத் தரணியின் ஓசையே மாறிவிடுகிறது. ஏர்மாட்டை அதட்டிய குரல்கள் ஒலித்த வயல்களில் இன்று டிராக்டர்களின் உறுமலே விடியற்காலை முதல் கேட்கிறது. குறுவைக்கு ஒரு முறை, சம்பாவுக்கோ தாளடிக்கோ மறுமுறை என்று நம் வயல்களின் களிமண் சேறு கலக்கப்படுகிறது. முழங்காலளவு சேற்றில் இரும்புக் கூண்டுச் சக்கரங்களை மாட்டிக்கொண்டு, பின்புறம் ரொட்டவேட்டரைச் சுழற்றியவாறு அவ்வண்டி செல்லும் காட்சியை நாம் அனைவரும் வரப்பில் நின்று கண்டிருக்கிறோம்.

ஆனால் முன்னே எஞ்சினில் பிறக்கின்ற வலிமை, பின்னே தொங்குகின்ற கருவியின் கத்திகளை எவ்வாறு சென்று அடைகிறது என்பதை எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? கருவியோ ஒரு கணம் மேலே தூக்கப்படுகிறது, மறுகணம் சேற்றில் அமிழ்கிறது, வண்டி திரும்புகையில் பக்கவாட்டில் அசைகிறது. அவ்வளவு அசைவுக்கும் ஈடு கொடுத்து வளைந்தும், நீண்டும், குறுகியும் இடைவிடாது சுழன்றுகொண்டே இருக்கும் ஓர் இரும்புத் தண்டு அவ்விரண்டிற்கும் நடுவே இருக்கிறது. பட்டறைக்காரர்கள் அதனைப் பி.டி.ஓ. ஷாப்ட் என்பர். லாரியிலும் ஜீப்பிலும் இதன் உடன்பிறப்பு புரொபெல்லர் ஷாப்ட் என்னும் பெயரில் வண்டியின் வயிற்றுக்கடியில் கிடக்கிறது.

குடும்ப இதழொன்றில் இரும்புத் தண்டுக்கு என்ன வேலை என்று வாசக சகோதரிகள் வினவக்கூடும். வேலை இருக்கிறது. வளைகுடா நாடுகளில் வண்டிப் பட்டறைகளில் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சபராளிகள் பலர், கையிலுள்ள தொழிலை நம்பி இங்கே சிறு பட்டறை அமைக்கின்றனர். பாலைவன மணல் மேடுகளில் ஏறி இறங்கும் வண்டிகளுக்குத் தண்டுகளை வெட்டியும் ஒட்டியும் பழகிய கரங்கள், இங்கே சேற்றில் இறங்கும் வண்டிகளுக்கு அதே வேலையைச் செய்கின்றன. இது ஒரு புறம். மறுபுறம், அத்தண்டு சுழலும் இடத்தருகே கைலி கட்டி நிற்பவர் நம் வீட்டு ஆண்மகன். சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு முக்காட்டுடன் அங்கே செல்பவர் நம் வீட்டுப் பெண்மணி. சக்கரத்தின் மேல்மூடியில் ஏறி அமர்ந்திருப்பவன் நம் பிள்ளை.

வளைந்து செல்லும் வலிமை

நேரான ஒரு கம்பியைச் சுழற்றி, அதன் மறுமுனையில் ஒரு பொருளைச் சுழலச் செய்வது எளிது. அக்கம்பி நடுவில் வளைந்திருக்குமானால் என்ன செய்வது? இவ்வினாவுக்கான விடை வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. கூட்டல் குறியின் வடிவில் நான்கு முனைகள் கொண்ட ஓர் எஃகுத் துண்டு. அதன் எதிரெதிரான இரு முனைகளை ஒரு தண்டின் கவை பிடித்துக்கொள்கிறது. மற்ற இரு முனைகளை அடுத்த தண்டின் கவை பிடித்துக்கொள்கிறது. பட்டறையில் அந்தத் துண்டுக்குக் 'கிராஸ்' என்றும், கவைக்கு 'யோக்' என்றும், கவையின் இரு புறத் துளைகளுக்குக் காது என்றும் பெயர். நான்கு முனைகளிலும் சிறு கிண்ணங்கள் மூடியிருக்கும். அவற்றுள் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கும். இவ்வளவே அதன் இரகசியம்.

நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் கடலோடிய நம் மரக்காயர் முன்னோரின் வழித்தோன்றல்களுக்கு இந்த அமைப்பை விளக்க நெடுநேரம் ஆகாது. கப்பலில் திசைகாட்டிப் பெட்டியை ஒன்றினுள் ஒன்றான இரு வளையங்களில் தொங்கவிடுவர். ஒரு வளையம் முன்பின்னாகவும் மற்றொன்று இடவலமாகவும் அசைய, கப்பல் எப்படிப் புரண்டாலும் திசைகாட்டி மட்டமாகவே நிற்கும். ஒன்றுக்கொன்று குறுக்கான இரு அச்சுகள் என்னும் அதே தத்துவந்தான் இங்கே வலிமையைக் கடத்தப் பயன்படுகிறது. இத்தாலியரான கார்டானோவின் பெயரால் ஐரோப்பியர் இதனைக் கார்டன் இணைப்பு என்று அழைக்கின்றனர். அவர் 1501 முதல் 1576 வரை வாழ்ந்தவர். ஆனால் வளையத் தொங்கலை அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கிரேக்கரும் சீனரும் அறிந்திருந்தனர். இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் 1676ஆம் ஆண்டில் இவ்விணைப்பை விவரித்து எழுதினார்.

இத்தகைய வரலாறுகளைக் கூறும்போது நம்மவர் பெயர் ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்ற ஆசை நம் எழுத்தாளர்களுக்கு எழுவதுண்டு. தியார்பக்கிர் நகரில் அர்துகீ மன்னர்களின் அவையில் பணியாற்றிய அல்ஜஸரீ, 1206ஆம் ஆண்டில் நிறைவு செய்த தம் நூலில் ஐம்பது இயந்திரங்களைப் படங்களுடன் விளக்கியிருக்கிறார். நீர் இறைக்கும் கருவிகளில் வளைவுத் தண்டைப் பயன்படுத்தி, சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றிக் காட்டியவர் அவர். அந்தப் பெருமையே அவருக்குப் போதுமானது. இந்த இணைப்பையும் அவர் கணக்கில் எழுதிவிட நான் முற்படவில்லை.

மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில் அவற்றுட் பல, மிதிவண்டியைப் போன்று சங்கிலியால்தான் ஓடின. சங்கிலியில் புழுதியும் சேறும் ஏறி ஓயாத தொல்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் பயின்ற கிளாரன்ஸ் ஸ்பைசர் என்பவர், சங்கிலிக்குப் பதிலாக இணைப்புத் தண்டை வண்டிக்கேற்ப வடிவமைத்து 1903ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டிலேயே தொழிலையும் தொடங்கிவிட்டார். பட்டறைகளில் இன்றும் அவர் பெயர் ஒரு பொருட்பெயராகவே புழங்குகிறது. டிராக்டரின் பின்புறத்திலிருந்து கருவிகளுக்கு வலிமை எடுக்கும் முறை 1918 வாக்கில் அமெரிக்க வண்டிகளில் விற்பனைக்கு வந்தது. எந்த வண்டியோடும் எந்தக் கருவியும் பொருந்த வேண்டும் என்பதற்காக அதன் அளவுக்கும் வேகத்துக்கும் அங்குள்ள வேளாண் பொறியாளர் சங்கம் 1927ஆம் ஆண்டில் விதி வகுத்தது. நம் வயல்களில் ஓடும் ரொட்டவேட்டர்களுக்கு இன்றும் நிமிடத்திற்கு 540 சுற்றுகள் என்பதே பொதுவான கணக்கு.

முப்பது பாகையின் கணக்கு

இந்த இணைப்பில் ஒரு குறை உண்டு. அதனை அறியாதவர் செய்யும் தண்டு, பார்வைக்கு எவ்வளவு அழகாக இருப்பினும் தன்னையும் கெடுத்து, அருகிலுள்ள பாகங்களையும் கெடுத்துவிடும்.

ஒரு தண்டு சீராகச் சுழல்கிறது. அதனோடு 30 பாகை சாய்வில் இன்னொரு தண்டு இணைந்திருக்கிறது. இரண்டாம் தண்டு சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் அது இரு முறை விரைந்து, இரு முறை தயங்கும். முதல் தண்டு நிமிடத்திற்கு 540 என்ற வேகத்தில் நிதானமாகச் சுழன்றுகொண்டிருக்க, இரண்டாவது தண்டின் வேகம் 468க்கும் 624க்கும் இடையே ஊசலாடும். நொடிக்கு 9 சுற்றுகள் என்னும்போது, நொடிக்கு 18 முறை இந்த இழுப்பும் தளர்வும் நிகழ்கின்றன. சாய்வு 10 பாகையாக இருந்தால் இந்த ஊசலாட்டம் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரை என்ற அளவில் அடங்கிவிடும். சாய்வு கூடக்கூட அது கடுமையாக ஏறும்.

இதற்கு மாற்று என்ன? மறுமுனையில் இன்னொரு இணைப்பைப் போடுவதே. முதல் இணைப்பு செய்த குற்றத்தை இரண்டாம் இணைப்பு நேர்மாறாகச் செய்து ஈடுகட்டிவிடும். ஆனால் இதற்கு இரு நிபந்தனைகள். இரு இணைப்புகளின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். நடுத்தண்டின் இரு முனைகளிலுமுள்ள கவைகளின் காதுகள் ஒரே தளத்தில் அமைய வேண்டும். தண்டைத் தரையில் கிடத்தினால் இரு முனைக் காதுகளும் ஒன்றுபோல் படுத்திருக்க வேண்டும். ஒன்று படுத்தும் மற்றொன்று நின்றும் இருப்பின், குற்றம் ஈடுகட்டப்படாமல் இரட்டிப்பாகும். மேற்சொன்ன அதே 540 சுற்றுகள், அப்போது 405க்கும் 720க்கும் இடையே துள்ளும். டிராக்டரின் பின் பெட்டியிலுள்ள பற்சக்கரங்களும் ரொட்டவேட்டரின் பற்சக்கரங்களும் நொடிக்கு 18 முறை சம்மட்டி அடி வாங்கினால் எத்தனை பருவம் தாங்கும்?

இந்தப் பிழை மிக எளிதாக நேர்ந்துவிடக் கூடியது என்பதே கவனிக்கத்தக்கது. சதுர வடிவக் கம்பி சதுரக் குழாய்க்குள் நுழையும் வகையில் செய்யப்படும் தண்டுகள் நம் நாட்டில் மிகுதி. சதுரம் நான்கு விதமாகவும் நுழையும். அவற்றுள் இரண்டு சரி, இரண்டு தவறு. கழற்றிக் கழுவி கிரீஸ் தடவி மீண்டும் மாட்டுகிற பையன், எது எளிதாக நுழைகிறதோ அப்படியே செருகிவிடுவான். லாரி, ஜீப் தண்டுகளிலோ பற்கள் வெட்டப்பட்ட நீள்முனை இருக்கும். பதினாறு பற்கள் கொண்ட முனையில் ஒரு பல் தள்ளிச் செருகினாலே 22.5 பாகை பிசகிவிடும். ஆகவேதான் நல்ல மேஸ்திரி, தண்டைப் பிரிப்பதற்கு முன்பே இரு பாகங்களிலும் நேர்கோட்டில் பஞ்சால் ஒரு குத்துக் குத்தி அடையாளம் வைக்கிறார். அந்த இரண்டு புள்ளிகளுக்கு ஆகும் நேரம் அரை நிமிடம்.

பட்டறையில் உருவாகும் விதம்

புதிய தண்டு ஒன்று அமைக்கப்படுவதை நான் நின்று பார்த்ததுண்டு. முதலில் அளவு. வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போது இரு முனைகளுக்கும் இடையிலுள்ள தொலைவை எடுக்கின்றனர். வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரங்கள் தொங்கும் நிலையில் அளவெடுத்தால் தண்டு நீண்டுவிடும். பிறகு வண்டி இறங்கிக் குழியில் விழும்போது அது இடித்துக்கொண்டு பேரிங்கைப் பிளந்துவிடும். சுருங்கிய நிலையில் ஓர் அங்குலமேனும் இடைவெளி எஞ்ச வேண்டும். நீண்ட நிலையில், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடாதபடி போதிய நீளம் ஒன்றினுள் ஒன்று நிற்க வேண்டும். ரொட்டவேட்டர் தண்டுக்கு, மூன்றில் ஒரு பங்கேனும் உள்ளே இருக்க வேண்டுமென்பது வழக்கு. கடையில் வாங்கிய தண்டு நீளமாக இருப்பின் உட்குழாய், வெளிக்குழாய், மேலுறை ஆகிய அனைத்தையும் ஒரே அளவாக வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, பிசிறு நீக்கி, கிரீஸ் தடவாமல் மாட்டக் கூடாது.

அடுத்து குழாய். தடித்த கம்பியைக் காட்டிலும் குழாயே முறுக்குக்கு உகந்தது. அதே எடைக்குக் கூடுதல் வலிமை தரும். கவையின் அடிப்பாகத்தைக் குழாய்க்குள் இறுகச் செருகி, காதுகளைத் தளம் பார்த்து நிறுத்தி, முதலில் எதிரெதிராக நான்கு புள்ளிகளில் மட்டும் வெல்டிங் இடுகின்றனர். பிறகு லேத்தில் ஏற்றி மெதுவாகச் சுற்றி, டயல் கேஜின் முள் எவ்வளவு அசைகிறது என்று நோக்குகின்றனர். கால் மில்லிமீட்டருக்கு மேல் அசைந்தால் அந்த மேஸ்திரி ஏற்கவில்லை, சுத்தியால் தட்டிச் சரி செய்தார். முழு வெல்டிங்கையும் ஒரே ஓட்டமாகச் சுற்றி முடிக்கவில்லை. ஒரு பக்கம் சிறிது, எதிர்ப்பக்கம் சிறிது என்று மாறி மாறி இட்டார். ஏனென்று கேட்டேன்.

"சூடு ஒரு பக்கமா ஏறினா கொழாய் வளைஞ்சுடும் அஜரத். வளைஞ்சதை நிமித்துறதவிட வளையாம பாத்துக்கிறது லேசு" என்றார்.

முடிவில் சமன் செய்தல். குழாயின் ஒரு புறம் சில கிராம் எடை கூடியிருந்தாலும் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகளில் அது தண்டையே உதறும். பெரிய நகரங்களில் இதற்கென இயந்திரங்கள் உண்டு. தண்டைச் சுழற்றிப் பார்த்து, எங்கே எவ்வளவு எடைத் துண்டை ஒட்ட வேண்டும் என்று அவை காட்டிவிடும். 540 சுற்றுகளில் ஓடும் தண்டுக்கு இது இல்லாமலும் ஒருவாறு சமாளித்துவிடலாம். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் தண்டை லேத்தின் கணக்கோடு மட்டும் விட்டுவிடுவது முறையாகாது. அதற்கான செலவை வண்டிக்காரரிடம் எடுத்துச் சொல்லிப் பெறத் தயங்கும் பட்டறைக்காரர், பிற்பாடு அவருடைய ஏச்சைப் பெறுகிறார்.

உயர்த்தப்பட்ட ஜீப்பின் முன்தண்டு

ஜீப் என்பது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கென 1941ஆம் ஆண்டு முதல் பெருமளவில் செய்யப்பட்ட வண்டி. விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் மஹிந்திரா நிறுவனத்தார் அதனைப் பம்பாயில் பூட்டத் தொடங்கினர். கியர் பெட்டியை ஒட்டியுள்ள இன்னொரு பெட்டியிலிருந்து ஒரு தண்டு பின் அச்சுக்கும், மற்றொரு தண்டு எஞ்சினின் ஓரமாகவே சென்று முன் அச்சுக்கும் போகிறது. முன்சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். திரும்பும் சக்கரத்தின் சாய்வு மிகப் பெரிதாகையால், அங்கே கிராஸ் இணைப்பின் ஊசலாட்டம் ஓட்டுநரின் கையிலேயே தெரியும். அதற்காகக் குண்டுகள் பள்ளங்களில் ஓடும் வேறு வகை இணைப்பு உண்டு. அதனை ஆல்பிரட் ரிசெப்பா என்னும் பொறியாளர் 1926ஆம் ஆண்டில் உருவாக்கினார். இன்று நம் சிறு கார்களின் முன்சக்கரங்களில் இருப்பது அதன் வழிவந்ததே.

பழைய ஜீப்பை வாங்கி, வில்பட்டைகளை உயர்த்தி, பெரிய டயர்களை மாட்டி, மலைக்கும் மணலுக்கும் சேற்றுக்கும் ஏற்றதாக மாற்றிக்கொள்வதில் இளைஞர் சிலருக்குப் பெருவிருப்பம் இருக்கிறது. உடலை உயர்த்தும்போது முன்தண்டின் சாய்வு கூடுகிறது, நீளமும் போதாமற் போகிறது. அப்போது செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, பெட்டியின் பக்கத்தில் இரண்டு கிராஸ்களை அடுத்தடுத்து வைத்து, நடுவே ஒரு குமிழால் மையப்படுத்திய இரட்டை இணைப்பைப் போடுவது. சாய்வை அவ்விரண்டும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டு ஒன்றின் குற்றத்தை மற்றது அங்கேயே தீர்த்துவிடும். அவ்வாறாயின் மறுமுனை இணைப்புக்குச் சாய்வே ஏறக்குறைய இருக்கக் கூடாது. முன் அச்சின் மூக்கைத் தண்டை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு இரட்டை இணைப்பை மட்டும் போட்டுவிட்டு, நடுக்கம் தீரவில்லையே என்று வருந்துவோர் உளர்.

இரண்டாவது, தண்டையே இரு துண்டுகளாக்கி நடுவில் ஒரு பேரிங்கை வண்டிச் சட்டத்தில் பொருத்துவது. நீளமான வண்டிகளுக்கு இதுவே வழி. இதன் காரணத்தைச் சிறுமியர் ஆடும் ஸ்கிப்பிங் கயிறு சொல்லும். நீண்ட தண்டு ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டும்போது அந்தக் கயிற்றைப் போன்று நடுவில் வில்லாக வளைந்து சுழலத் தொடங்கும். அதன் பின் அது முறிவதற்கு நெடுநேரம் ஆகாது. நீளம் இரு மடங்கானால் அந்த ஆபத்தான வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நீளம் பாதியானால் நான்கு மடங்கு உயர்கிறது. நம் சாலைகளில் செல்லும் லாரிகளின் அடியில் குனிந்து பார்த்தால் தண்டு இரண்டு மூன்று துண்டுகளாக இருப்பது இதன் பொருட்டே.

ஆனால் இரு துண்டுத் தண்டில் மூன்று இணைப்புகள் வந்துவிடுகின்றன. மூன்று என்பது ஒற்றைப்படை. ஒன்றுக்கு ஒன்று ஈடாகி, ஒன்று மிஞ்சிவிடும். எனவே முதல் துண்டைப் பெட்டியோடு ஏறக்குறைய நேராகவே அமைத்து, மிஞ்சும் இணைப்பின் குற்றத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சுருக்குவர். முற்றிலும் நேராக வைத்துவிடலாமே எனின், அதுவும் ஆகாது. சாய்வே இல்லாவிடில் கிண்ணத்திலுள்ள ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று எஃகில் தடம் பதித்துவிடும். ஓரிரு பாகை வேண்டும். வேலை செய்யாமல் நிற்பதும் தேய்மானந்தான் என்பதை இரும்பும் அறிந்திருக்கிறது!

வீட்டுப் பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றும் இங்கே உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என வகுத்துள்ளது. இரண்டும் சேர்ந்தும் விதிக்கப்படலாம். தேய்ந்த தண்டைப் பழைய அளவிலேயே புதுப்பிப்பது வேறு, வண்டியின் உருவையே மாற்றுவது வேறு. பட்டறை வைத்திருப்போர் இவ்வேறுபாட்டை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்.

இரண்டு மீட்டர் துணி, ஒரு விநாடி

இதுவரை கூறியவை தண்டுக்கு நேரும் கேடுகள். தண்டால் மனிதருக்கு நேரும் கேட்டுக்கு இனி வருகிறேன். ஜீப்பின் தண்டு வண்டியின் அடியில் இருப்பதால் ஓடும்போது அதன் அருகே எவரும் செல்வதில்லை. நம் வயலிலுள்ள தண்டோ இடுப்புக்குக் கீழே, கைக்கு எட்டும் இடத்தில், வெட்டவெளியில் சுழல்கிறது.

கணக்கைப் பாருங்கள். மேலுறையற்ற தண்டின் குறுக்களவு, கவையையும் சேர்த்துச் சராசரியாக 7.5 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். சுற்றளவு ஏறத்தாழ 23.5 சென்டிமீட்டர். நொடிக்கு 9 சுற்றுகள். அப்படியானால் அது ஒரு விநாடியில் உள்ளே இழுத்துக்கொள்ளும் துணியின் நீளம் இரண்டு மீட்டருக்கும் சற்று அதிகம். நாம் உடுத்தும் கைலி இரண்டு மீட்டர். ஐந்தரை மீட்டர்ச் சேலைக்கு மூன்று விநாடிகள் கூட வேண்டியதில்லை. துணி சுற்றச் சுற்றத் தண்டு பருக்கிறது, பருக்கப் பருக்க இழுப்பும் விரைகிறது. "ஐயோ" என்று கூவுவதற்குள், ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பதற்குள், கருவியை நிறுத்தும் பிடியில் அவர் கை படுவதற்குள் அது முடிந்துவிடுகிறது.

துணியைப் பிடித்து இழுத்துவிடலாமே என்று எண்ணுவது அறியாமை. துறைமுகத்தில் கப்பலின் வடத்தைத் தூணில் நான்கைந்து சுற்றுச் சுற்றிவிட்டு, மறுமுனையை ஒரே ஆள் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். கப்பல் இழுத்தாலும் வடம் வழுவாது. ஒவ்வொரு சுற்றும் பிடிப்பைப் பன்மடங்காக்குகிறது. அதே பிடிப்புத்தான் இங்கே துணிக்கும் தண்டுக்கும் இடையே ஏற்படுகிறது. முதல் சுற்று விழுந்துவிட்டால் எத்தகைய வலிமையுள்ள ஆடவராலும் மீட்க இயலாது. தண்டு வழவழப்பாக இருக்கிறதே, எதில் மாட்டும் என்றும் சிலர் கேட்கின்றனர். காய்ந்த சேறு போதும். பூட்டுமுள் தொலைந்த இடத்தில் செருகப்பட்ட நீள ஆணி போதும். அளவான போல்ட் கிடைக்காமல் மாட்டிய நீண்ட போல்ட்டின் தலை போதும். இத்தகைய ஆணிகளையும் போல்ட்டுகளையும் பல வண்டிகளில் காண முடிகிறது என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

இதற்கான காப்பு, வண்டியோடும் கருவியோடும் வருவதே. டிராக்டரின் பின்புறத்தில் தண்டு புறப்படும் இடத்தை மூடிய தகரக் கூரை ஒன்று. தண்டு முழுவதையும் மூடிய பிளாஸ்டிக் உறை இன்னொன்று. அவ்வுறை தண்டோடு சேர்ந்து சுழலாமல் தனித்து நிற்கும். அதன் இரு முனைகளிலுமுள்ள சிறு சங்கிலிகளை டிராக்டரிலும் கருவியிலும் மாட்டிவிடுவது அதற்காகவே. ஆனால் நடப்பது என்ன? கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று உறையைக் கழற்றுகின்றனர். தண்டைச் சுருக்கும்போது உறையை வெட்டித் தராமலே விட்டுவிடுகின்றனர். ஒரு பருவத்தில் வெடித்துவிட்டால் மறுபருவத்திற்கு வாங்குவதில்லை. மணிக்கணக்கில் வாடகை ஓடுகிற பருவத்தில், தண்ணீர் வந்துவிட்ட வயலுக்கு முன்னே நிற்கும் விவசாயியும் உறையைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் அவரே என்பது என் கருத்து. அவருடைய வயலில், அவருடைய ஆட்களுக்கு நடுவே அன்றோ அது சுழல்கிறது?

உழவு இயந்திரங்கள் மனிதரின் கைகளைப் பறிப்பதைக் கண்டே நம் நாட்டில் அபாய இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கதிரடிக்கும் இயந்திரங்களை முதன்மையாக மனத்திற்கொண்டு எழுந்த சட்டம் அது. ஆனால் சட்டம் இயற்றிய அவை டில்லியில் இருக்கிறது. வயலில் இருப்பவர்கள் நாம்.

உறையைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். எஞ்சின் முற்றிலும் நின்றிருக்கும்போது உறையைக் கையால் சுழற்றிப் பார்த்தால், தண்டு அசையாமல் உறை மட்டும் எளிதாகச் சுழல வேண்டும். இறுகியிருந்தால் அது உறையல்ல, தண்டின் பகுதியே. தண்டு சுழலும்போது அதனைத் தாண்டிக் காலெடுத்து வைப்பதோ, குனிந்து கத்தியில் சிக்கிய வைக்கோலை எடுப்பதோ கூடாது. கருவியை வரப்போரம் உயரத் தூக்கும்போது சுழற்சியை நிறுத்திவிட வேண்டும். அது முன்னர்க் கூறிய கிராஸ்களுக்கும் நல்லது. வண்டியில் வேலை செய்வோர் கைலிக்குப் பதிலாகக் கால்சட்டை அணிவதில் மானக்குறைவு ஏதுமில்லை. கருவிப் பெட்டியிலேயே ஒன்றை மடித்து வைத்துவிடலாம். கழுத்தில் தொங்கும் துண்டை எடுத்துவிட வேண்டும். உணவு கொண்டு செல்லும் பெண்கள் வரப்பிலேயே நின்று, எஞ்சின் நின்ற பிறகு அழைக்கட்டும். முக்காடும் துப்பட்டாவும் புர்காவின் விளிம்பும் காற்றில் எழும்பும் தன்மையன. சிறுவர்களைச் சக்கர மூடியின் மீது ஏற்றிக்கொள்ளும் வழக்கத்தை, அவர்கள் எவ்வளவு அழுதாலும் விட்டுவிட வேண்டும். அங்கிருந்து அவர்கள் சறுக்கினால் விழும் இடம் சக்கரத்திற்கும் இத்தண்டிற்கும் நடுவே.

எவரேனும் சிக்கிக்கொண்டால் முதல் வேலை எஞ்சினை நிறுத்துவது. துணியைப் பிடித்து இழுப்பதோ, தண்டைப் பின்னோக்கிச் சுழற்றுவதோ அன்று. நின்ற பிறகு கத்தியால் துணியை அறுத்து எடுக்க வேண்டும். இரத்தம் பீறிடும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108க்குத் தொலைபேசி செய்ய வேண்டும். விரலோ கையோ துண்டிக்கப்பட்டிருந்தால், அப்பகுதியை ஈரமான தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு நன்கு கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மீது வைத்து நோயாளியுடனேயே அனுப்ப வேண்டும். பனிக்கட்டி அதன்மீது நேரடியாகப் படக் கூடாது.

எஞ்சினை நிறுத்துவது என்றேன். பழைய டீசல் டிராக்டர்கள் பலவற்றில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. ஓட்டுநர் இருக்கையின் முன்னே உள்ள ஓர் இழுப்புக் குமிழை இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும். வண்டி வைத்திருப்போர், அந்தக் குமிழ் எது என்பதை வயலில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், வீட்டிலுள்ள பெண்களுக்கும், விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் வண்டி நிற்கும் ஒரு மாலை வேளையில் அழைத்துக் காட்டி, ஒரு முறை அவர்களையே இழுக்கச் செய்து வைக்க வேண்டும்.